ஜில்லோ காட்டும் விலையை எப்படிப் படிப்பது? அமெரிக்காவில் வீடு வாங்குவோர், விற்போர், புது ஏஜெண்டுகளுக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்காவில் வீடு வாங்கும் எண்ணம் வந்ததும் கை முதலில் போவது வீட்டு விலை காட்டும் இணையதளமான ஜில்லோவுக்குத்தான். முகவரியைத் தட்டினால் போதும், பெரும்பாலான வீடுகளுக்கு ஒரு விலை வந்து நிற்கும். பார்க்கப் போகும் வீடு, இப்போது வாடகைக்கு இருக்கும் வீடு, கூட வேலை செய்பவர் என்றோ வாங்கிப்போட்ட வீடு என்று எதையும் விட்டுவைப்பதில்லை. ஏஜெண்டிடம் பேசுவதற்கு முன்பே அந்த எண் மனதில் உட்கார்ந்துவிடுகிறது. அதற்குக் கீழே ஒரு விலையை ஏஜெண்ட் சொன்னால், சீக்கிரம் விற்றுக் கமிஷனை வாங்கப் பார்க்கிறார் என்று விற்பவருக்குச் சந்தேகம். அதற்கு மேலே ஒரு டாலரும் தரமாட்டேன் என்று வாங்குபவர் பிடிவாதம். இரண்டு பக்கமும் பேச வேண்டியவர் ஏஜெண்ட்.

அந்த எண்ணைத் தூக்கிப் போடவும் வேண்டாம், தலையில் வைத்துக் கொண்டாடவும் வேண்டாம். அது எதை வைத்துக் கணக்குப் போடுகிறது என்று தெரிந்தால், எங்கே தப்பும் என்பதும் தெரிந்துவிடும். பேரம் பேச அந்தத் தப்புதான் உங்களுக்கு உதவும்.

எண் எங்கிருந்து வருகிறது

முன்னாள் மைக்ரோசாஃப்ட் அதிகாரிகளான ரிச் பார்ட்டனும் லாய்ட் ஃப்ரிங்கும் தொடங்கிய ஜில்லோ, 2006 பிப்ரவரியில் பொதுமக்களுக்குத் திறந்தது. ஜெஸ்டிமேட் என்ற விலை மதிப்பீடு முதலிலிருந்தே அதன் முகம். இன்னொரு தளமான ரெட்ஃபின் தன் மதிப்பீட்டை 2015-இல் கொண்டுவந்தது. ரியல்டர் டாட் காம் தானாகக் கணக்குப் போடாமல், வேறு சில நிறுவனங்களின் மதிப்பீடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறது. வங்கிகளும் இதே மாதிரிக் கணினி மதிப்பீடுகளை உள்ளுக்குள் பயன்படுத்துகின்றன. தொழிலில் இவற்றுக்கு ஏ.வி.எம். என்று பெயர்.

மூலப்பொருள் எல்லாருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். கவுண்டியின் வரிப் பதிவேட்டிலிருந்து சதுர அடி, படுக்கையறை, குளியலறை, மனையளவு, கட்டிய ஆண்டு. பத்திரப் பதிவிலிருந்து பழைய விற்பனை விலைகள். ஏஜெண்டுகள் வீடுகளைப் பதியும் எம்.எல்.எஸ். தரவிலிருந்து லிஸ்டிங் (விற்பனைக்குப் போட்ட வீடு) விவரங்கள். இத்துடன் வீட்டுக்காரர் தாமே திருத்தி ஏற்றியவை. வீட்டுக்குள் யாரும் காலடி வைப்பதில்லை. பேஸ்மென்டில் ஈரம் கசிகிறதா, சமையலறை 1994-இல் போட்டபடியே இருக்கிறதா, பின்வேலிக்கு அப்பால் நெடுஞ்சாலை இரைகிறதா என்பதெல்லாம் கணக்கில் அரைகுறையாக வரும், அல்லது வரவே வராது.

எவ்வளவு தவறும் என்பதை ஜில்லோவே வெளியிடுகிறது. நாடு முழுவதற்குமான இடைநிலைப் பிழை, விற்பனைக்கு வந்துவிட்ட வீடுகளுக்கு ஏறக்குறைய 2 சதவீதம், விற்பனைக்கு வராத வீடுகளுக்கு ஏறக்குறைய 7 சதவீதம். ரெட்ஃபினின் எண்களும் இதை ஒட்டியே இருக்கின்றன. "7 சதவீதம்தானே" என்று தோன்றும். இடைநிலைப் பிழை என்றால், பாதி வீடுகளில் தவறு அதற்குள் அடங்கும். மீதிப் பாதியில் அதையும் தாண்டும். 6 லட்சம் டாலர் வீட்டில் 7 சதவீதம் என்பது 42,000 டாலர். உங்கள் வீடு எந்தப் பாதியில் இருக்கிறது என்று எண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாது.

2016-இல் ஜில்லோவின் அப்போதைய தலைமை நிர்வாகி ஸ்பென்சர் ராஸ்காஃபின் சியாட்டில் வீடு 10.5 லட்சம் டாலருக்கு விற்றது. அந்த நேரத்தில் ஜெஸ்டிமேட் காட்டியது ஏறக்குறைய 17.5 லட்சம். அதன்பின் ஜில்லோ பத்து லட்சம் டாலர் பரிசுடன் போட்டி நடத்தி 2019-இல் வென்ற குழுவுக்குக் கொடுத்தது, 2021-இல் கணக்கு முறையையே மாற்றியது. பிழை குறைந்தது, போய்விடவில்லை.

படி 1: மூன்று எண்களை எடுத்து எழுதுங்கள்

ஜில்லோ, ரெட்ஃபின், ரியல்டர் டாட் காம் மூன்றிலும் ஒரே நாளில் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். பெரிதாகத் தெரியும் ஒற்றை எண்ணோடு நிறுத்தாமல் கீழே போனால் வீச்சு ஒன்று கிடைக்கும், "5,50,000 முதல் 6,40,000 வரை" என்பதுபோல. கவனிக்க வேண்டியது அந்த வீச்சைத்தான்.

மூன்றும் 3 சதவீதத்துக்குள் நெருங்கி இருந்தால், பெரும்பாலும் அது ஒரே பில்டர் ஒரே காலத்தில் கட்டிய, ஒரே மாதிரி வீடுகள் அடிக்கடி கைமாறும் குடியிருப்பாக இருக்கும். அங்கே கணினி நன்றாகவே கணக்குப் போடும். மூன்றும் 10 சதவீதம் விலகி நின்றால், சராசரி எடுத்து ஆறுதல் அடையாதீர்கள். பழைய ஊர்ப்பகுதி, பெரிய மனை, இடித்துக் கட்டிய வீட்டுக்குப் பக்கத்தில் எண்பது வருட வீடு, வருடத்துக்கு ஒன்றிரண்டே விற்பனை என்று ஏதோ ஒரு காரணம் இருக்கும். அங்கே மூன்று எண்ணுமே ஊகம்தான்.

டெக்சாஸில் இருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். அந்த மாநிலத்தில் விற்ற விலையை அரசிடம் பகிரங்கமாகப் பதிய வேண்டிய கட்டாயம் இல்லை. யூட்டா, வயோமிங் போன்ற இன்னும் சில மாநிலங்களும் அப்படித்தான். கலிஃபோர்னியாவிலிருந்தும் நியூ ஜெர்சியிலிருந்தும் டாலஸ் பக்கம் குடிபெயர்பவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். பழைய ஊரில் விற்ற விலை யாருக்கும் தெரியும்; ஃப்ரிஸ்கோவிலோ கொப்பெலிலோ ஜில்லோவில் பார்த்தால் லிஸ்ட் விலை தெரியும், விற்ற விலை பெரும்பாலும் தெரியாது. அதை எம்.எல்.எஸ். கணக்கு வைத்திருக்கும் ஏஜெண்டிடமிருந்துதான் வாங்க வேண்டும்.

படி 2: வீட்டு விவரங்களைச் சரிபாருங்கள்

விற்பவர் என்றால் உங்கள் வீட்டுப் பக்கத்தைத் திறந்து, கவுண்டி பதிவேட்டையும் நீங்கள் வாங்கியபோது கடன் தந்தவருக்காக அப்ரெய்சர் (உரிமம் பெற்ற மதிப்பீட்டாளர்) தந்த அப்ரெய்சல் அறிக்கையையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அடிக்கடி தப்பாக இருப்பவை இவை:

சதுர அடி. தரைக்குக் கீழே இருக்கும் பேஸ்மென்ட் எவ்வளவு நேர்த்தியாக முடித்திருந்தாலும், அப்ரெய்சர் அதைத் தரைக்கு மேலுள்ள வாழும் பரப்போடு சேர்க்க மாட்டார். தனி வரியில் காட்டுவார். கராஜும் அப்படியே. பெர்மிட் வாங்காமல் கராஜை அறையாக மாற்றியிருந்தால் கவுண்டிக்கு அது தெரியாது. இணையதளத்தில் சேர்த்துக் காட்டி எண்ணை ஏற்றினாலும் பின்னால் அப்ரெய்சலில் அது கீழே விழும்.

குளியலறை எண்ணிக்கை. இரண்டரை என்பது இரண்டாகப் பதிவாகியிருக்கும்.

பழைய விற்பனை. குடும்பத்துக்குள் பெயர் மாற்றிய பத்திரம் 10 டாலர் விற்பனை என்று தோன்றலாம். ஏலத்தில் போன வீடு சந்தை விலைபோல நிற்கலாம்.

புது வீடுகளில் இதன் தலைகீழ் நடக்கிறது. பில்டர் விலையைக் குறைக்காமல், வட்டி விகிதத்தைக் குறைத்துத் தருவார், குளோசிங் செலவை (விற்பனையை முடிக்கும் செலவுகளை) ஏற்பார். பதிவாகும் விலையில் அந்தச் சலுகை தெரியாது. அதே குடியிருப்பில் இரண்டு வருடம் கழித்து நீங்கள் விற்கப் போகும்போது, பக்கத்து வீடுகளின் விலை உண்மையைவிட உயர்வாகத் தெரிவதற்கு இது ஒரு காரணம்.

தப்பைத் திருத்த, ஜில்லோவில் கணக்குத் தொடங்கி, முகவரியைத் தேடி, இது என் வீடு என்று உரிமை கோரி, சில கேள்விகளால் உறுதிசெய்தபின் விவரங்களை மாற்றலாம். சமையலறை புதுப்பித்த ஆண்டு, கூரை மாற்றிய ஆண்டு எல்லாம் சேர்க்கலாம். எண் உடனே மாறாது, மாறியே தீரும் என்ற உறுதியும் கிடையாது. எண்ணையே எடுத்துவிடுங்கள் என்று கேட்டுப் பயனில்லை. இலினாயில் வீட்டுக்காரர்கள் சிலர் வழக்குப் போட்டுப் பார்த்தார்கள். ஜெஸ்டிமேட் என்பது ஒரு கருத்துத்தான், அதில் ஏமாற்று இல்லை என்று 2019-இல் சிகாகோவின் 7-ஆம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது.

விவரம் திருத்துவதை லிஸ்ட் செய்வதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே முடித்துவிடுங்கள். லிஸ்டிங் ஏறிய பிறகு உங்கள் திருத்தத்தைவிட எம்.எல்.எஸ். தரவே முன்னுக்கு வரும்.

படி 3: லிஸ்ட் ஆன பிறகு எண்ணை நம்பாதீர்கள்

விற்பனைக்கு வந்த வீட்டின் பிழை 2 சதவீதமாகக் குறைவதற்குக் காரணம் கணினிக்குத் திடீரென ஞானம் பிறந்தது அல்ல. ஏஜெண்ட் போட்ட லிஸ்ட் விலையைக் கணினி பார்த்துவிடுகிறது. 5,80,000 என்று இருந்த மதிப்பீடு, 6,25,000-க்கு லிஸ்ட் ஆன சில நாளில் 6,20,000-ஐத் தொடுவது சாதாரணம். "ஜில்லோவே 6,20,000 சொல்கிறதே" என்று வாங்குபவர் நிம்மதி அடைகிறார். ஜில்லோ சொன்னது, ஏஜெண்ட் சொன்னதைத்தான்.

சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் இது எதிர்த்திசையில் ஏமாற்றும். ஃப்ரீமான்ட், சன்னிவேல் பக்கமெல்லாம் வேண்டுமென்றே குறைத்து லிஸ்ட் செய்து, பல ஆஃபர்களை வரவழைத்து மேலே ஏற்றுவது பழகிய உத்தி. மதிப்பீடும் அந்தக் குறைந்த விலையை ஒட்டி இறங்கி நிற்கும். அதைப் பார்த்து ஆஃபர் போட்டுவிட்டு, லிஸ்ட் விலைக்கு இரண்டு லட்சம் மேலே போனதே என்று திகைப்பவர்கள் ஏராளம்.

ஆகவே வீட்டின் பக்கத்தில் மதிப்பீட்டின் பழைய வரைபடத்தைத் திறந்து, லிஸ்ட் ஆவதற்கு முந்தைய மாதம் எண் என்ன என்று பாருங்கள். பக்கத்துத் தெருவில், விற்பனைக்கு வராத, அதே அளவு வீடு ஒன்றின் எண்ணையும் பாருங்கள்.

படி 4: விலையை நீங்களே போட்டுப் பாருங்கள்

இதுதான் நேரம் செலவழிக்க வேண்டிய இடம். விற்ற வீடுகளோடு ஒப்பிட்டு விலை போடும் இதை ஏஜெண்டுகள் சி.எம்.ஏ. என்பார்கள். அப்ரெய்சரும் ஏறக்குறைய இதையே முறையாகச் செய்கிறார். ஒப்பிட எடுக்கும் வீடுகளுக்குப் பேச்சு வழக்கில் கம்ப் என்று பெயர்.

விற்று முடிந்த வீடுகளை மட்டும் எடுங்கள். இப்போது லிஸ்டில் இருப்பவை கேட்கும் விலை, கொடுத்த விலை அல்ல. குறைந்தது மூன்று வேண்டும், ஐந்து இருந்தால் நல்லது. கடந்த ஆறு மாதத்துக்குள் விற்றவை, அரை மைல் முதல் ஒரு மைலுக்குள், உங்கள் வீட்டுக்கு 15 சதவீதம் கூடக்குறைய அளவில் இருப்பவை. பள்ளி எல்லையைத் தாண்டாதீர்கள். ஒரே தெருவின் இரண்டு பக்கமும் வேறு வேறு உயர்நிலைப் பள்ளிக்குப் போகும் ஊர்கள் உண்டு, விலை அங்கேயே முறிந்துவிடும். ஜில்லோ பக்கத்தில் போட்டிருக்கும் பள்ளிப் பெயரை நம்பாமல் பள்ளி மாவட்டத்தின் தளத்தில் முகவரியைப் போட்டுப் பாருங்கள்.

அடுத்து, ஒவ்வொரு கம்ப்பையும் உங்கள் வீட்டுக்கு இணையாகத் திருத்த வேண்டும். அது உங்களுடையதைவிட மேலாக இருந்தால் அதன் விலையிலிருந்து கழியுங்கள், கீழாக இருந்தால் கூட்டுங்கள். ஒரு கற்பனைக் கணக்கு: உங்கள் வீடு 2,400 சதுர அடி, பழைய சமையலறை, பின்னால் போக்குவரத்து மிகுந்த சாலை, நீச்சல் குளம் இல்லை. இணைய மதிப்பீடு 6,12,000 டாலர்.

முதல் கம்ப் 2,300 சதுர அடி, அதே சாலையை ஒட்டியது, சமையலறை புதிது, 5,85,000-க்கு விற்றது. 100 சதுர அடி குறைவு என்பதற்காக 11,000 கூட்டி, சமையலறைக்காக 20,000 கழித்தால் 5,76,000.

இரண்டாவது 2,550 சதுர அடி, உள்தெரு, சமையலறை உங்களுடையதைப் போலவே பழையது, 6,18,000. கூடுதல் 150 சதுர அடிக்கு 16,500-உம் சாலை இரைச்சல் இல்லை என்பதற்காக 18,000-உம் கழித்தால் 5,83,500.

மூன்றாவது உங்கள் அளவே, உள்தெரு, சமையலறை பழையது, குளம் உண்டு, 6,04,000, ஆனால் ஐந்து மாதம் முன்பு விற்றது. குளத்துக்கு 20,000, சாலைக்கு 18,000 கழித்து, இடையில் சந்தை ஏறியதற்கு 6,000 கூட்டினால் 5,72,000.

ஆக, உங்கள் வீடு 5,72,000-க்கும் 5,84,000-க்கும் நடுவில். இணைய எண்ணோடு சுமார் 34,000 டாலர் வித்தியாசம், அதாவது ஆறு சதவீதத்தை ஒட்டி. ஜில்லோவின் பொய் என்று கூவ வேண்டியதில்லை, அவர்கள் சொன்ன பிழைக்குள்ளேயே இருக்கிறது. சமையலறையும் சாலையும் அதற்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

புதியவர்கள் எல்லாரும் வழுக்குவது சதுர அடித் திருத்தத்தில். முதல் கம்ப்பின் விலையை அதன் பரப்பால் வகுத்தால் சதுர அடிக்கு 254 டாலர் வரும். மேலே நாம் 110-தான் போட்டோம். மனை, சமையலறை, ஏ.சி. எல்லாம் அந்த 254-க்குள் ஏற்கெனவே அடங்கியிருக்கின்றன. கூடுதல் 100 சதுர அடிக்காக இன்னொரு மனையோ இன்னொரு சமையலறையோ வருவதில்லை. பல ஊர்களில் சராசரியில் மூன்றில் ஒன்று முதல் பாதி வரைதான் திருத்தத் தொகை. மனைக்கே பெருவிலை உள்ள இடங்களில் விகிதம் மாறும். உங்கள் பகுதியில் எவ்வளவு, குளத்துக்கு எவ்வளவு என்பதை ஏஜெண்டிடம் கேளுங்கள். செலவழித்த தொகையைப் போடாதீர்கள். 70,000 டாலரில் வெட்டிய குளம் 70,000 டாலரைத் திருப்பித் தருவதில்லை.

நம்மவர்கள் அதிகம் வாழும் புறநகர்களில், கிழக்குப் பார்த்த வீட்டுக்குக் கூடுதலாகக் கொடுக்க ஆள் இருக்கிறது. தெற்குப் பார்த்ததை வேண்டாம் என்பவர்களும் உண்டு. மதிப்பீட்டுத் தளம் வாசல் எந்தப் பக்கம் என்று பார்ப்பதில்லை. விற்கும்போது அது உங்களுக்கு லாபம்தான். ஆனால் அப்ரெய்சர் வாஸ்துவுக்கு மதிப்புப் போட மாட்டார் என்பதை வாங்கும்போது நினைவில் வையுங்கள்.

படி 5: ஏஜெண்டிடம் என்ன கேட்பது

இணையம் வந்தபின் ஏஜெண்டின் வேலை மாறிவிட்டது. முன்பு தகவல் அவர்கள் பூட்டிவைத்த பெட்டி. இப்போது தகவல் உங்கள் கையில் இருக்கிறது. அதில் எது பொருந்தும், எது பொருந்தாது என்று சொல்வதற்குத்தான் காசு. அதைச் சொல்லத் தெரியாதவருக்குக் கமிஷன் கொடுக்க வேண்டிய அவசியமில்லை.

2024 ஆகஸ்ட் 17-இலிருந்து, ஏஜெண்டுகளின் அமைப்பான ரியல்டர்கள் சங்கம் ஒரு வழக்கில் செய்த சமரசத்தால், எம்.எல்.எஸ். ஏஜெண்ட் ஒருவருடன் வீட்டைச் சுற்றிப் பார்க்கும் முன் வாங்குபவர் எழுத்து ஒப்பந்தம் போட வேண்டும். ஏஜெண்டுக்கு எவ்வளவு என்பது அதில் தெளிவாக இருக்க வேண்டும், அந்தத் தொகை பேரத்துக்கு உட்பட்டது. கையெழுத்துக்கு முன், உங்கள் கணக்கைக் காட்டி, எங்கே தப்பு என்று கேட்டுப் பாருங்கள். நல்ல ஏஜெண்ட், "இரண்டாவது வீட்டில் விற்பவர் 12,000 டாலர் குளோசிங் செலவை ஏற்றார், நிஜ விலை அவ்வளவு இல்லை" என்பதுபோல் ஏதாவது சொல்வார். அது எந்தத் தளத்திலும் கிடைக்காது.

சில கேள்விகளுக்கு அவர் வாயைத் திறக்க மாட்டார். "இந்த ஏரியாவில் நம்மாட்கள் இருக்கிறார்களா?" என்று கேட்டால் மழுப்புவார். திறமைக் குறைவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 1968-ஆம் ஆண்டின் நியாய வீட்டுவசதிச் சட்டப்படி, இனம், மதம், பிறந்த நாடு ஆகியவற்றைச் சொல்லி வாங்குபவரை ஒரு பகுதிக்கு இழுப்பதோ விலக்குவதோ சட்டவிரோதம். அதை நீங்களே ஒரு சனிக்கிழமை மாலை பூங்காவில் நடந்து தெரிந்துகொள்ளலாம்.

விற்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மூன்று ஏஜெண்டுகளைக் கூப்பிட்டு, உயர்ந்த விலை சொன்னவருக்கு வீட்டைக் கொடுப்பது பலர் செய்வது. ஜெஸ்டிமேட் உயரமாக இருந்தால் அதற்கும் மேலே ஒரு எண்ணைச் சொல்லி லிஸ்டிங்கைப் பிடிப்பவர்கள் உண்டு. நான்கு வாரம் யாரும் வராமல் போனதும் விலைக் குறைப்பு தொடங்கும். எத்தனை நாள் கிடந்தது, எத்தனை முறை விலை இறங்கியது என்பதை அதே ஜில்லோ எல்லாருக்கும் காட்டிக்கொடுக்கும். விலை சொல்பவரிடம், அந்த விலைக்கு ஆதாரமாக விற்று முடிந்த மூன்று வீடுகளைக் கேளுங்கள்.

தளத்தில் ஏஜெண்டைத் தொடர்புகொள்ளும் பொத்தானை அழுத்தினால், பெரும்பாலும் அந்த வீட்டை விற்கும் ஏஜெண்டுக்கு அழைப்பு போகாது. அந்த இடத்துக்குப் பணம் கட்டிய வேறொருவருக்குப் போகும். "உங்கள் வீட்டின் மதிப்பு என்ன?" என்று கேட்டு, விலை காட்டும் முன் தொலைபேசி எண் வாங்கும் பக்கங்களும் வாடிக்கையாளர் பிடிக்கும் வலைதான். தனி மின்னஞ்சல் ஒன்றை வைத்துக்கொள்வது நல்லது.

இணையத்தில் உடனடி ரொக்க விலை சொல்லும் நிறுவனங்களும் உண்டு. அவர்கள் சொல்லும் விலையிலிருந்து சேவைக் கட்டணமும் ரிப்பேர்த் தொகையும் கழிந்தபின் கைக்கு எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். இந்தத் தொழிலில் ஜில்லோவே 2018-இல் இறங்கி, 2021 நவம்பரில் மூடியது. விலையைச் சரியாகக் கணிக்க முடியவில்லை என்பதே அவர்கள் சொன்ன காரணம். அந்த ஆண்டின் மூன்றாம் காலாண்டில் மட்டும் கையிருப்பு வீடுகளின் மதிப்பில் 30 கோடி டாலருக்கு மேல் நஷ்டமாக எழுதினார்கள், ஊழியர்களில் கால்வாசிப் பேருக்கு வேலை போனது.

படி 6: அப்ரெய்சல் வரும்போது

கடன் வாங்கி வாங்கினால் கடைசியில் கணக்கில் வருவது லெண்டர் ஏற்கும் மதிப்பு. பெரும்பாலும் உரிமம் பெற்ற அப்ரெய்சர் ஒருவர் வீட்டுக்கு வந்து அளந்து, குறைந்தது மூன்று விற்ற வீடுகளோடு ஒப்பிட்டு அறிக்கை தருவார். சில நூறு டாலர் கட்டணம் உங்கள் தலையில். அவரைத் தேர்ந்தெடுப்பது நீங்களும் இல்லை, ஏஜெண்டும் இல்லை.

ஒப்பந்த விலை, அப்ரெய்சல் இரண்டில் எது குறைவோ அதன் மேல்தான் கடன். 6,00,000-க்கு ஒப்பந்தம், 20 சதவீதம் கையிலிருந்து, அதாவது 1,20,000 என்று திட்டம். அப்ரெய்சல் 5,80,000 என்று வந்தால், அதில் 80 சதவீதமான 4,64,000-தான் கடன். மீதி 1,36,000 நீங்கள் கொண்டுவர வேண்டும். 16,000 டாலர் கூடுதல், அதுவும் இரண்டு மூன்று வாரத்தில். ஆஃபரில் அப்ரெய்சல் நிபந்தனை இருந்தால் பேசலாம், விலகலாம். போட்டிக்காக அதை விட்டுக்கொடுத்திருந்தால் முன்பணம் போகும் அபாயம் உண்டு. எனவே நிபந்தனையை விடும் முன் படி 4-இல் போட்ட கணக்கின் கீழ் எல்லையை எடுத்து, அந்த விலைக்கு அப்ரெய்சல் வந்தால் கையில் பணம் இருக்கிறதா என்று பாருங்கள்.

குறைத்து மதிப்பிட்டதாகத் தோன்றினால் லெண்டர் வழியாக மறுபரிசீலனை கேட்கலாம். ஜெஸ்டிமேட் படத்தை அனுப்பினால் குப்பைக்குப் போகும். அறிக்கையில் சதுர அடி தப்பு, குளியலறை விட்டுப்போனது, இதைவிடப் பக்கத்தில் விற்ற வேறு வீடுகள் இருக்கின்றன என்று காட்டினால் பார்ப்பார்கள்.

புது ஏஜெண்டுகளுக்கு

வாடிக்கையாளர் ஜில்லோ எண்ணோடுதான் வருவார். சிரிக்காதீர்கள், "அது குப்பை" என்று சொல்லாதீர்கள். அடுத்த மாதம் ஜில்லோ எண் உங்களுக்குப் பிடித்தபடி வந்தால் அதையே விளம்பரத்தில் போடப்போவது நீங்கள்தான். முதல் சந்திப்புக்கே மூன்று தளங்களின் எண்களையும் வீச்சையும் நீங்களே அச்சிட்டுக்கொண்டு போங்கள். அவர் எடுத்துவைக்கும் முன் நீங்கள் எடுத்துவைத்தால் பேச்சின் தொனி வேறு. பக்கத்தில் அந்தத் தளம் வைத்திருக்கும் வீட்டு விவரங்களை எழுதி, வீட்டைச் சுற்றி நடந்துகொண்டே தப்புகளைக் குறியுங்கள். தன் வீட்டில் பேஸ்மென்ட் கணக்கு தப்பு என்று கண்ணால் பார்த்தவரிடம் விலையைப் பற்றிப் பேசுவது சுலபம்.

விலை வைக்கும்போது தேடல் வடிகட்டிகளை மறக்க வேண்டாம். வாங்குபவர்கள் 25,000, 50,000 என்ற படிகளில் தேடுகிறார்கள். 6,05,000 என்று வைத்தால், 6,00,000 வரை தேடுபவர் கண்ணில் படாது. சரியாக 6,00,000 என்று வைத்தால் இரண்டு பக்கத் தேடலிலும் வரும்.

விற்பவருக்கு விலையை மட்டும் காட்டாமல் கமிஷன், கடன் பாக்கி, சொத்துக் கைமாற்ற வரி, சொத்துரிமைக் காப்பீடு (டைட்டில் இன்ஷூரன்ஸ்) எல்லாம் கழிந்தபின் கையில் வரும் தொகையைக் காட்டுங்கள். ஜில்லோ எண் மேல் இருக்கும் பிடிப்பு அப்போது பாதி தளரும். நீங்கள் தயாரிப்பதை ஒருபோதும் அப்ரெய்சல் என்று எழுதாதீர்கள். அதற்கு வேறு உரிமம் வேண்டும்.

வாங்கிய பிறகு

சொத்து வரி ரசீதில் இருக்கும் மதிப்பு இன்னொரு எண். கலிஃபோர்னியாவில் 1978-இன் புரொபொசிஷன் 13 காரணமாக அது பொதுவாக ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது. பல வருடம் கைமாறாத வீட்டில் அது சந்தை விலையைவிட மிகக் குறைவாக இருக்கலாம். நீங்கள் வாங்கியதும் உங்கள் விலைக்கே மாறிவிடும். ஆகவே விற்பவரின் வரி ரசீதை வைத்து மாதச் செலவு போடாதீர்கள். டெக்சாஸில் கவுண்டி மதிப்பை எதிர்த்து மனுப்போடப் பொதுவாக மே 15 கடைசி நாள், நோட்டீஸ் தாமதமாக வந்தால் அதிலிருந்து 30 நாள். அங்கும் இணைய எண்ணைவிட, பக்கத்தில் விற்ற வீடுகளும் ரிப்பேர் மதிப்பீட்டு ரசீதுகளும்தான் பேசும்.

20 சதவீதத்துக்குக் குறைவாகக் கைப்பணம் போட்டு வாங்கியவர்கள், வீட்டு விலை ஏறிவிட்டதாக ஜில்லோ காட்டுவதை நம்பி, லெண்டரின் பாதுகாப்புக்காகத் தாங்கள் கட்டும் மார்ட்கேஜ் காப்பீட்டை நீக்கச் சொல்லிக் கேட்பதுண்டு. இன்றைய மதிப்பை வைத்து நீக்க வேண்டுமானால் லெண்டர் தானே ஏற்பாடு செய்யும் மதிப்பீட்டைத்தான் கேட்பார். வாங்கி இரண்டு வருடமாவது ஆக வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகளும் இருக்கும். முதலில் ஃபோன் செய்து கேட்டுவிட்டுக் கட்டணம் கட்டுங்கள்.

வீட்டுக் காப்பீட்டுத் தொகையையும் இணைய எண்ணில் வைக்காதீர்கள். மனை எரிந்துபோவதில்லை. காப்பீட்டுக்கு வேண்டியது, அதே வீட்டை இன்றைய கூலியிலும் மரவிலையிலும் திரும்பக் கட்ட ஆகும் செலவு. மனை விலை உயர்ந்த சான் ஹோசேயில் அது ஜெஸ்டிமேட்டைவிட மிகக் குறைவாக இருக்கலாம்; ஒஹையோவின் பழைய செங்கல் வீட்டில் அதைவிடக் கூடுதலாகவே இருக்கலாம்.